டெக்சாஸ் வீட்டுக்கு டொர்னேடோ ஷெல்டர்: தகட்டின் கனத்தைவிடக் கதவையும் போல்ட்டையும் பாருங்கள்

கேள்வி இதுதான். டல்லஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இரண்டு மாடி வீடு, போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் (உள்ளே ஸ்டீல் கேபிள்களை இழுத்து முறுக்கி வைத்த கான்கிரீட் தரை) போட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மார்ச் மாதம் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் தங்க வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. கராஜில் இரும்பு ஷெல்டர் வைப்பதா, பின்பக்கத் தோட்டத்தில் பூமிக்கடியில் ஒன்றைப் புதைப்பதா, அல்லது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கிளாசெட்டே போதுமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குக் கராஜ் தரையில் போல்ட் போட்டு நிறுத்தும் ஸ்டீல் ஷெல்டர்தான் சரி. பூமிக்கடியில் வேண்டாம். கிளாசெட் ஒன்றுமே இல்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் அது ஷெல்டர் ஆகாது. எந்த ஷெல்டர் என்று தேர்ந்தெடுக்கும்போது, அம்மா இருட்டில் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்ச் சேர முடிகிறதா என்பது முதல் கேள்வி. கதவும், பெட்டியைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டும் சோதனையில் தேறியவையா என்பது இரண்டாவது. விற்பனையாளர்கள் அதிகம் பேசும் தகட்டின் கனம் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

கிளாசெட் ஏன் போதாது? டொர்னேடோவின் வலுவை இஎஃப்-0 முதல் இஎஃப்-5 வரை தரம் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் அடிப்பவற்றில் பெரும்பான்மை இஎஃப்-0, இஎஃப்-1 ரகம், அதாவது மணிக்கு 110 மைலுக்குள் இருக்கும் காற்று. அதற்குக் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை பெரும்பாலும் தாங்கும். 2019 அக்டோபர் 20 இரவு வடக்கு டல்லஸைப் பிய்த்துப் போட்டது இஎஃப்-3, மணிக்கு 140 மைல். அன்று ஒருவரும் சாகவில்லை. ஆனால் 2015 டிசம்பர் 26 இரவு கார்லண்ட், ரௌலட் பக்கம் வந்தது இஎஃப்-4. அதில் 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள். வலுவானவை எண்ணிக்கையில் மிகக் குறைவு, உயிர்ச்சேதத்தில் பெரும்பங்கு அவற்றால்தான். ஷெல்டருக்குச் செலவு செய்வது அந்தச் சிலவற்றுக்காகத்தான்.

வீடு எப்படி உடைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 மைலில் சதுர அடிக்குச் சுமார் 26 பவுண்ட். ஷெல்டர்களை வடிவமைக்கும் வேகமான 250 மைலில் 160 பவுண்ட், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 780 கிலோ. அதோடு பறந்து வரும் மரம். இங்கே வீடுகளே டூ-பை-ஃபோர் என்னும் நீளமான மரச்சட்டங்களால் ஆனவை. ஒரு தெருவில் முதல் வீடு உடைந்தால் அதன் சட்டங்கள்தான் அடுத்த வீட்டுக்கு ஈட்டி. வெளியே செங்கல் தெரிகிறதே, அது தாங்காதா என்று ஊரில் செங்கல் வீட்டில் வளர்ந்த நமக்குத் தோன்றும். இங்குள்ள செங்கல் ஒரே வரிசையாக முகப்புக்கு ஒட்டிய தோல். பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம்தான், அறைப் பக்கம் அதன் மேல் வெறும் ஜிப்சம் பலகை. வேகமாக வரும் ஒரு சட்டம் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிடும்.

சேஃப் ரூம், அதாவது டொர்னேடோவைத் தாங்கும்படி பலப்படுத்திய அறை அல்லது பெட்டி. அதற்கான சோதனை இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. 15 பவுண்ட், அதாவது 6.8 கிலோ எடையுள்ள டூ-பை-ஃபோர் மரத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவர் மீதும் கதவு மீதும் நேராகச் சுடுவார்கள். கூரை மீது 67 மைல் வேகத்தில். 1,200 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 12 கிலோமீட்டரில் மோதும்போது இருக்கும் அதே ஆற்றல், ஒன்றரைக்கு மூன்றரை அங்குல மரமுனையில் குவிந்து இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் லப்பக்கில் இதற்கென்றே காற்றுப் பீரங்கி வைத்திருக்கிறது. 1970 மே 11 அன்று அதே லப்பக் நகரில் டொர்னேடோ 26 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு அங்குள்ள பொறியியல் பேராசிரியர்கள் ஊர் ஊராக இடிபாடுகளை ஆராய்ந்தார்கள். வீடு முழுக்கப் போனாலும் நடுவில் சிறிய குளியலறையோ கிளாசெட்டோ நிற்பதைக் கண்டார்கள். அந்தச் சிறிய அறையையே ஏன் பலப்படுத்தக்கூடாது என்று கேட்டவர்களில் முன்னோடி எர்ன்ஸ்ட் கீஸ்லிங். தரைக்கு மேலே நிற்கும் சேஃப் ரூம் என்ற எண்ணமே அங்கிருந்து வளர்ந்தது. "மேலே இருப்பதெல்லாம் பறந்துவிடும், பூமிக்கடியில்தான் உயிர் தப்பும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். 250 மைலுக்கு ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகத் தரையில் பிணைத்த ஷெல்டர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பாதுகாப்பு ஒன்றுதான்.

பூமிக்கடியில் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் நம் மண்ணிலிருந்தே தொடங்குகின்றன. டல்லஸ் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் கரிசல். கோவில்பட்டிப் பக்கம் கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் உப்பும் மண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கும் அதே குணம்தான். புதைத்த பெட்டியை அது ஒவ்வொரு வருடமும் நெருக்கும், விடும். இரண்டு துண்டாக வார்த்து நடுவில் பசை வைத்து ஒட்டிய கான்கிரீட் ஷெல்டரில் முதலில் ஒழுகுவது அந்த இணைப்புதான். வசந்தகால மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, அதில் தேளும் பாம்பும் சேர்கின்றன, பிறகு யாரும் இறங்குவதில்லை.

மிதப்பு இன்னொரு சிக்கல். 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழமுள்ள பெட்டியின் கொள்ளளவு 288 கன அடி, சுமார் 8.2 கன மீட்டர். சுற்றிலும் மண் நீரால் நிறைந்துவிட்டால் அதை மேலே தள்ளும் விசை 8 டன்னுக்கு மேல். வெறும் ஸ்டீல் பெட்டி அதில் கால்வாசி எடைகூட இருக்காது. கான்கிரீட் வளையமோ அடித்தள ஆங்கரோ இல்லாமல் புதைத்தவை மழைக்காலத்தில் தரைக்கு மேல் எழும்பி வருவது இதனால்தான்.

டொர்னேடோவுடன் பேய்மழை சேர்ந்து வருவது இங்கே வழக்கம். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் எல் ரீனோ டொர்னேடோ வந்தபோது, ஓக்லஹோமா சிட்டியில் மழைநீர் வடிகாலுக்குள் ஒதுங்கிய குடும்பத்தினர் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார்கள். தாழ்வான தோட்டத்தில் இருக்கும் ஷெல்டருக்கும் அந்த ஆபத்து உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா. டொர்னேடோவுக்கு முன்னால் பெரும்பாலும் ஆலங்கட்டி மழை அடிக்கும், சில நேரம் எலுமிச்சைப்பழம் அளவில். அதில் நனைந்து, வழுக்கும் புல்லைக் கடந்து, ஏணி போன்ற செங்குத்தான படியில் முழங்கால் வலிக்காரர் இறங்க வேண்டும். அவர் தயங்குவார், "நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்பார். அவரை விட்டுவிட்டு நீங்களும் போகமாட்டீர்கள்.

கராஜ் தரையை வெட்டி அதற்குள் இறக்கி, மேலே நழுவும் மூடி போடும் வகை ஓக்லஹோமாவில் மிகவும் பரவலானது. வீட்டுக்குள்ளேயே இருப்பதால் மழைத் தொல்லை இல்லை. மேலே கார் நிற்கும்போதும் நுழையும்படி பலர் அமைத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் கம்பி கட்டிய ஸ்லாப்பாக இருந்தால் யோசிக்கலாம். உங்களுடையது போஸ்ட் டென்ஷன் என்பதால் அந்தப் பேச்சே வேண்டாம். அந்த ஸ்லாப்புக்குள் ஓடும் அரை அங்குல ஸ்டீல் கேபிள் ஒவ்வொன்றும் சுமார் 33,000 பவுண்ட், அதாவது 15 டன் இழுவிசையில் முறுக்கேறி நிற்கிறது. ரம்பம் அதை அறுத்தால் கேபிள் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே பாயும். பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். அதோடு, கரிசல் மண்ணில் வீட்டின் அடித்தளத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்தக் கேபிள்கள்தான். கராஜ் தரையில் "போஸ்ட் டென்ஷன் ஸ்லாப், வெட்டாதே, துளையிடாதே" என்ற வாசகம் அச்சாக அழுத்தியிருக்கும். பெயின்ட் அடித்திருந்தால் ஓரத்தில் கூர்ந்து பாருங்கள்.

இனி எதை வாங்குவது. "ஃபீமா அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையைவிட்டு வந்துவிடலாம் என்பது என் கருத்து. அமெரிக்கப் பேரிடர் நிர்வாகமான ஃபீமா எந்த ஷெல்டரையும் அங்கீகரிப்பதில்லை, சான்றிதழ் தருவதில்லை. அது வழிகாட்டி நூல்கள்தான் வெளியிடுகிறது: வீட்டுக்காரர்களுக்கு பி-320, பொறியாளர்களுக்கு பி-361. ஷெல்டரை எப்படிக் கட்ட வேண்டும், சோதிக்க வேண்டும் என்ற தரநிலை ஐசிசி 500. நீங்கள் கேட்க வேண்டியது: இந்த மாடல் முழுவதும் ஐசிசி 500-இன் எந்த வருடப் பதிப்புக்கு, 250 மைல் டொர்னேடோவுக்கு வடிவமைக்கப்பட்டது? உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரையிட்ட வரைபடம் எங்கே? "டெக்சாஸ் டெக்கில் சோதித்தது" என்ற வாசகம் மட்டும் போதாது. அங்கே மரத்தைச் சுட்டுப் பார்த்தது தகடும் கதவும் துளைபடாது என்பதற்குச் சான்று. காற்றழுத்தத்தைப் பெட்டி முழுவதும் தாங்குமா, தரையைவிட்டுக் கழன்று வருமா என்பதைப் பொறியாளரின் கணக்குதான் சொல்லும். தேசிய ஸ்டார்ம் ஷெல்டர் சங்கத்தின் முத்திரை இருந்தால் நல்ல அடையாளம். வெளியாரைக் கொண்டு வடிவமைப்பைச் சரிபார்த்திருப்பார்கள்.

இப்போது கதவு. ஷெல்டர் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். 2014 ஏப்ரலில் ஆர்கன்சாஸில் தரைக்கு மேல் இருந்த ஒரு சேஃப் ரூமின் கதவு டொர்னேடோவில் உடைந்து உள்ளே இருந்தவர் இறந்தார். சுவர் தாங்கியது, கதவு தாங்கவில்லை. கட்டடக் கடையில் கிடைக்கும் ஸ்டீல் கதவு, தகட்டை மேலே ஒட்டிய நுரைக்கதவு. அதற்கு எத்தனை தாழ்ப்பாள் போட்டாலும் நடுவில் மரம் இடித்தால் வளைந்து சட்டத்தைவிட்டு வந்துவிடும். தேறிய கதவைக் கிட்டே நின்று பாருங்கள். கீல் பக்கம் மூன்று கனமான கீல்கள். எதிர்ப்பக்கம் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் தாழ். ஒவ்வொரு தாழ்க்கட்டையும் சட்டத்தின் ஸ்டீலுக்குள் ஆழமாக நுழைகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். கதவு, சட்டம், கீல், தாழ் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகச் சோதித்த அறிக்கை வேண்டும். கதவு ஒரு கம்பெனி, பூட்டு இன்னொரு கம்பெனி என்று மாற்றிவிட்டால் அந்த அறிக்கை செல்லாது. மூன்று தாழையும் உள்ளிருந்து ஒரே கைப்பிடியால் போடும் வகை வயதானவர்களுக்கு நல்லது. தனித்தனியாக மூன்று போடும் வகையில் பதற்றத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரு தாழில் நிற்கும் கதவு தேறிய கதவு அல்ல.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் கேளுங்கள். வெளியே திறக்கும் கதவை இடிபாடு அடைத்துவிடலாம். உள்ளே திறப்பதில் அந்தக் கவலை இல்லை, ஆனால் பெட்டிக்குள் இடத்தைத் தின்னும். பக்கவாட்டில் நழுவும் கதவு கராஜுக்கு வசதி. வெளியே திறக்கும் வகை என்றால் உள்ளே ஒரு கைஜாக்கியும் கடப்பாரையும் இருக்கட்டும்.

அடுத்தது போல்ட். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஆறரை அடி உயரம் உள்ள பெட்டி. நீளப்பக்கத்தின் பரப்பு 39 சதுர அடி. 250 மைல் காற்று அதில் 6,240 பவுண்ட், அதாவது 2,800 கிலோ விசையுடன் தள்ளுகிறது. பெட்டியின் எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். காற்று அடிக்கும் பக்கத்து அடிவிளிம்பைத் தூக்கும் விசை மட்டும் இரண்டு டன்னுக்குக் குறையாது. பின்பக்க உறிஞ்சலும் கூரைத் தூக்கலும் சேர்ந்தால் இன்னும் கூடும். தகடு கால் அங்குலமா, பதினாறில் மூன்று பங்கு அங்குலமா என்று விவாதிப்பதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். போல்ட் பிடுங்கிக்கொண்டால் கனமான தகடும் சேர்ந்து உருளும்.

போல்ட் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உற்பத்தியாளரின் தாளில் நான்கு விவரம் இருக்கும்: ஆங்கரின் வகை, விட்டம், கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம், எத்தனை ஃபுட்-பவுண்ட் முறுக்கு. துளை போட்டதும் உள்ளே வெண்மாவு போலக் கான்கிரீட் தூள் நிற்கும். அதை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். தூளோடு போல்ட்டை அடித்தால் விரிந்து பிடிக்கவேண்டிய வளையம் தூளைத்தான் பிடிக்கும். எப்பாக்ஸி வகை என்றால் பசை தூளில் ஒட்டிக்கொண்டு காயும். வெளியே பார்க்கக் கச்சிதமாக இருக்கும், இழுத்தால் குச்சி மாதிரி வந்துவிடும். நட்டை முடுக்குவது முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இருக்க வேண்டும், அளவு காட்டாத இம்பாக்ட் கன்னால் அல்ல. எப்பாக்ஸி இறுக எடுக்கும் நேரம் குளிரில் கூடும், ஜனவரியில் பொருத்தினால் அன்றே முடுக்க விடாதீர்கள். துளைகள் ஸ்லாப்பின் ஓரத்துக்கும் விரிசலுக்கும் அருகே இருக்கக்கூடாது. ஓரக் கான்கிரீட் துண்டாக உடைந்து வரும்.

உங்கள் போஸ்ட் டென்ஷன் தரையில் துளை போடுவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம்: தரை ஊடுருவும் ராடாரால் கேபிள் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்துச் சாக்பீஸால் கோடு போட வேண்டும். கேபிள்கள் ஸ்லாப்பின் நடுக்கனத்தில், சில அடிக்கு ஒன்றாக ஓடும். கோட்டைவிட்டு விலகித் துளை போட இடம் கிடைக்கும். பெட்டியின் அடியில் தேவைக்கு அதிகமாக மாற்றுத் துளைகள் வைத்திருக்கும் மாடல் இதற்கு வசதி. "நாங்கள் நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறோம், ஸ்கேன் எதற்கு" என்று சொல்லும் ஆளுக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். பல உற்பத்தியாளர்கள் குறைந்தது 4 அங்குல ஸ்லாப் கேட்கிறார்கள். கராஜ் தரை சரிவாக வார்த்திருப்பதால் கனம் இடத்துக்கு இடம் மாறும், அதையும் ராடார் காட்டிவிடும்.

அளவுக்கு வருவோம். வீட்டு டொர்னேடோ ஷெல்டருக்கு ஆளுக்கு 3 சதுர அடி என்பது வழிகாட்டி அளவு. அது நெருக்கியடித்து நிற்கும் கணக்கு. பெரியவர்கள் உட்கார வேண்டும் என்றால் 5 சதுர அடி வையுங்கள். சக்கர நாற்காலிக்கு 10. நால்வருக்கு 3, பெரியவர் இருவருக்கு 5 என்று உங்கள் ஆறு பேருக்கு 22 சதுர அடி வருகிறது. 4-க்கு 6 என்றால் வெளி அளவு 24, உள் அளவு இன்னும் குறைவு. விளம்பரத்தில் வருவது வெளி அளவுதான். நான் 4-க்கு 8 சொல்வேன். சனிக்கிழமை இரண்டு குடும்பம் சாப்பிட வந்திருக்கும்போது எச்சரிக்கை வந்தால் அவர்களை எங்கே அனுப்புவீர்கள்?

இடம்தான் பலருக்குச் சிக்கலாகிறது. சாதாரண கராஜின் ஆழம் 20 அடி. எதிர்ச்சுவரை ஒட்டி 4 அடிப் பெட்டி வைத்தால் மீதி 16 அடி. டொயோட்டா சியெனா 17 அடி நீளம், கராஜ் கதவு மூடாது. ஆகவே பக்கச்சுவரை ஒட்டி நீளவாட்டில் வைக்க முடிகிறதா, அல்லது மூன்றாவது கார் இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு, தரையில் மறைக்கும் டேப்பால் பெட்டியின் உருவத்தை ஒட்டி, ஒரு வாரம் காரை விட்டு எடுத்துப் பாருங்கள். ஷெல்டர் கதவு முழுதாகத் திறக்க கார் நிற்கும்போதும் இடம் வேண்டும். கேஸ் வாட்டர் ஹீட்டரை ஒட்டி வைக்காதீர்கள். வீட்டுச் சுவரோடு ஷெல்டரைப் பிணைக்கவும் கூடாது. வீடு பறக்கும்போது அதையும் இழுக்கும். சலவை அறையிலிருந்து கராஜுக்கு இறங்கும் இரண்டு படியில் அம்மாவுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுவிடுங்கள்.

புது வீடு கட்டுபவர்களுக்கு வழி எளிது. கீழ்த்தளத்தில் வாக்-இன் கிளாசெட்டையோ பூஜையறையையோ சேஃப் ரூமாகக் கட்டச் சொல்லலாம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், அல்லது ஒவ்வொரு ஓட்டையிலும் கான்கிரீட் நிரப்பிய ஹாலோ பிளாக், அல்லது இரட்டைச் சட்டத்தில் இரண்டு அடுக்கு முக்கால் அங்குல பிளைவுட்டும் 14 கேஜ் ஸ்டீல் தகடும் என்று பி-320 வரைபடங்கள் தருகிறது. ஹாலோ பிளாக்கில் நடக்கும் தவறு, கம்பி இருக்கும் ஓட்டையை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதைக் காலியாக விடுவது. மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது, எனவே ஊற்றும் அன்று இருங்கள். மேல்கூரையும் அதே பலத்தில் இருக்க வேண்டும். ஏசி குழாய் போன்ற பெரிய துளைகளுக்குத் தடுப்புத் தகடு வேண்டும்.

பணம். ஸ்டீல் பெட்டிகள் அளவைப் பொறுத்துச் சில ஆயிரம் டாலரிலிருந்து பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். ஸ்கேன், பெர்மிட் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வட மத்திய டெக்சாஸ் அரசு மன்றம் சேஃப் ரூம் மானியத் திட்டம் நடத்திவந்திருக்கிறது: செலவில் பாதி, அதிகபட்சம் 3,000 டாலர். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். அனுமதி வருவதற்கு முன் பொருத்திவிட்டால் ஒரு டாலரும் கிடைக்காது. ஓக்லஹோமாவிலும் சூனர்சேஃப் என்று இதே போன்ற குலுக்கல் நடந்திருக்கிறது. ஆனால் மானியம் வரட்டும் என்று வசந்தகாலம் முழுக்கக் காத்திருப்பது சரியல்ல. நகராட்சி பெர்மிட், ஹெச்ஓஏ என்னும் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி, பிறகு தீயணைப்புத் துறையில் ஷெல்டரின் இருப்பிடப் பதிவு என்று வரிசையாக முடித்துவிடுங்கள். வீடு இடிந்தால் தேடி வருபவர்களுக்கு அந்தப் பதிவுதான் வழிகாட்டி.

உள்ளே வைக்க வேண்டியது அதிகமில்லை. டொர்னேடோவுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு. தண்ணீர், டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி, பெரியவர்களின் மாத்திரை ஒரு வாரத்துக்கு, பாஸ்போர்ட் நகல், பவர் பேங்க். ஆளுக்கு ஒரு சைக்கிள் ஹெல்மெட். ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ, இதை யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பவர்கள் நாம். வெளியே வரும்போது தரை முழுக்கக் கண்ணாடியும் ஆணியும். ஸ்டீல் பெட்டிக்குள் போன் சிக்னலும் வானிலை ரேடியோவும் சரியாக எடுக்காது. காற்றுத்துளைப் பக்கம் வைத்தால் எடுக்கிறதா என்று சாதாரண நாளிலேயே சோதியுங்கள். அந்தக் காற்றுத்துளைகளை எதையும் சாய்த்து அடைக்காதீர்கள். அரிசி மூட்டையும் காஸ்ட்கோ அட்டைப்பெட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே குடியேறும். நானூறு டாலர் பொருளுக்காக ஆறாயிரம் டாலர் ஷெல்டரை அடைத்துவிடாதீர்கள்.

வாடகை அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கீழ்த்தள நடு அறை எது, அந்த வீட்டுக்காரர் கதவைத் திறப்பாரா என்று இப்போதே பேசி வையுங்கள். ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: டொர்னேடோ ஷெல்டர் புயல் வெள்ளத்துக்கு இடம் அல்ல, கடலோர வெள்ளப் பகுதியில் வெளியேறச் சொன்னால் வெளியேறத்தான் வேண்டும்.

அம்மா அப்பா வந்த முதல் வாரமே செய்ய வேண்டியது ஒன்று. "வாட்ச்" என்றால் வரக்கூடும், "வார்னிங்" என்றால் வந்துவிட்டது அல்லது ராடாரில் தெரிகிறது என்று தமிழில் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் இருப்பது காலின் கவுண்டியா டென்டன் கவுண்டியா என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஃபிரிஸ்கோ இரண்டிலும் இருக்கிறது. டிவியில் கவுண்டி பெயர்தான் ஓடும். சைரன் வெளியே இருப்பவர்களுக்கானது, ஏசி ஓடும் வீட்டுக்குள் கேட்கும் என்று நம்பாதீர்கள். வார்னிங்குக்கும் டொர்னேடோவுக்கும் நடுவே கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டித்தான், சில நேரம் அதுவும் இல்லை. வாட்ச் வந்ததுமே காரை நகர்த்தி, ஷெல்டர் கதவைத் திறந்து வைத்து, அம்மாவைக் கீழ்த்தள அறையில் படுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் இரவு பத்து மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஆறு பேரும் உள்ளே போய் மூன்று தாழும் விழும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். தாழ் போடுவது அப்பாவின் கையால் இருக்கட்டும், பகலில் நீங்கள் இருவரும் ஆபீசில் இருப்பீர்கள்.